ஜெபம் பண்ணியும் தோற்றுவிட்டேனே, அக்கா?

வாசகர் கேள்விகளுக்கு நர்ஸ் அக்காவின் பதில்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பல, அமெரிக்காவில் நர்ஸ் லைசென்ஸ் வாங்க எழுதும் என்கிளெக்ஸ் தேர்வைப் பற்றியே இருந்தன. அதனால் தூக்கம், முதுகுவலி, ஷிஃப்ட் மாற்றம் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்புள்ள அக்காவுக்கு, மூன்று வாரத்துக்கு முன் என்கிளெக்ஸ் எழுதினேன். 150 கேள்வியும் வந்தது. ஃபெயில். ஆறு மாதம் படித்தேன். தினமும் அதிகாலை நாலு மணிக்கு எழுந்து ஜெபித்தேன். கடைசி 21 நாள் உபவாசமும் இருந்தேன். சபையில் எல்லோரும் எனக்காக ஜெபித்தார்கள். இப்போது ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தையே வரவில்லை. என் விசுவாசம் போதவில்லையா? இல்லை, இந்த வழி உனக்கு வேண்டாம் என்று ஆண்டவர் சொல்கிறாரா?
— பெயர் வேண்டாம், டெக்ஸாஸ்

தங்கையே, உங்கள் கடிதத்தை இரவு ட்யூட்டி முடிந்து வந்து, யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் இரண்டு தடவை படித்தேன். 2018இல் இதே கேள்வியை நானும் கேட்டிருக்கிறேன், கடிதமாக எழுதத்தான் தைரியம் வரவில்லை.

அப்போது தேர்வு ஆறு மணி நேரம். எத்தனை கேள்வி வரும் என்பது நாம் போடும் விடையைப் பொறுத்து ஆளுக்கு ஆள் மாறும்: குறைந்தது 75, அதிகபட்சம் 265. எனக்கு 265ம் வந்தது. தேர்வு அறையில் எழுதிப் பார்க்க ஒரு பலகையும் மார்க்கரும் கொடுப்பார்கள், முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். என் பலகையில் ஒரு டோஸ் கணக்குகூட இல்லை. மேலிருந்து கீழ் வரை “இயேசுவே, இயேசுவே” என்றுதான் எழுதியிருந்தேன். ஒவ்வொரு கேள்வி திறக்கும்போதும் ஒன்று. பலகையை வாங்கிக்கொண்ட அம்மா ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் அதைப் பார்த்ததும் தொண்டை அடைத்தது. ஆறு மணி நேரமும் அவர் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன், எதிரில் இருந்த கேள்வியை ஒழுங்காகப் படிக்கவே இல்லை.

அப்படிக் கூப்பிட்டது தவறு என்று நான் சொல்லவில்லை. பயந்த பிள்ளை அப்பாவைக் கூப்பிடும், அது இயல்பு. ஆனால் அந்தப் பயத்தோடு திரையைப் பார்த்தால் கண்ணுக்கு முன்னால் இருப்பது தெரியாது. அன்று எனக்கு அதுதான் நடந்தது.

தோற்றவர்களுக்கு மட்டும் ஓர் அறிக்கை வரும், உங்களுக்கும் வந்திருக்கும். அதைத் திறந்து பார்த்தீர்களா? எட்டுப் பகுதிகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் தேர்ச்சி அளவுக்கு மேலே, அருகே, கீழே என்று மூன்றில் ஒன்றைப் போட்டிருப்பார்கள். நான் அதை ஒரு மாதம் மேஜை டிராயருக்குள் வைத்திருந்தேன், ஆண்டவரின் தீர்ப்பே அதில் எழுதியிருப்பது போல. பிறகு ஒரு நாள் எடுத்துப் பார்த்தால், மருந்தியல் ‘அருகே’ என்றும், பராமரிப்பு மேலாண்மை ‘கீழே’ என்றும் இருந்தது. அவ்வளவுதான். அது ஒரு லேப் ரிப்போர்ட். பொட்டாசியம் குறைந்து 3.1 என்று ரிப்போர்ட் வந்தால், கடவுள் இந்த நோயாளியைக் கைவிட்டார் என்றா நாம் சொல்கிறோம்? டாக்டரைக் கூப்பிட்டு, மானிட்டரைப் பார்த்து, அடுத்த வேலையைத் தொடங்குகிறோம்.

பராமரிப்பு மேலாண்மை என்றால் பெரும்பாலும் யாரை முதலில் பார்ப்பாய், எந்த வேலையை யாரிடம் கொடுப்பாய் என்கிற கேள்விகள். பத்து வருடம் வார்டில் வேலை பார்த்தவளுக்கு இதுவா வராது என்று எனக்கு ரோஷம். சரி, பார்த்துவிடலாம் என்று பயிற்சிக் கேள்விகளைத் திறந்தேன். முதல் நாள் வந்த ஒன்று இன்னும் மனதில் இருக்கிறது. நான்கு நோயாளிகள். ஒருவர் முட்டி மாற்று அறுவை முடிந்து வலி பத்துக்கு எட்டு என்று அழுகிறார். இன்னொருவருக்கு நேற்று தைராய்டு அறுவை, உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வது போல இருக்கிறது என்கிறார். மூன்றாமவருக்கு சர்க்கரை 180. நான்காமவர் டிஸ்சார்ஜ் தாமதம் என்று கோபமாக இருக்கிறார். நான் அழுகிறவரிடம் ஓடினேன். தவறு.

தைராய்டை எடுக்கும்போது அதை ஒட்டியிருக்கும் பாராதைராய்டு சுரப்பிகளில் அடிபட்டால் ரத்தத்தில் கால்சியம் இறங்கும். உதட்டிலும் விரல் நுனியிலும் அந்த மதமதப்புத்தான் முதலில் தெரியும். அடுத்து தசை இழுக்கும், குரல்வளை இறுகும், மூச்சே அடைபடலாம். இது எனக்குத் தெரியாத விஷயமா? நன்றாகத் தெரியும். தேர்வுக்கு முன் இதைக் கேட்டிருந்தால் மூச்சு விடாமல் ஒப்பித்திருப்பேன். ஆனாலும் சத்தமாக அழுகிறவரிடம்தான் போனேன்.

அன்று ஒரு நோட்டு போட்டேன். சரியான விடையை அதில் எழுதவில்லை, அது புத்தகத்திலேயே இருக்கிறது. நான் ஏன் தவறான விடைக்குப் போனேன் என்று மட்டும் எழுதினேன். முதல் வரி: “அழுகிறவரைப் பார்த்தேன். அமைதியாகச் சொன்னவரைக் கேட்கவில்லை.” ஒரு வாரத்தில் பார்த்தால், திரும்பத் திரும்ப மூன்றே காரணங்கள். சத்தத்தின் பின்னால் போவது, கேள்வியின் கடைசி வரியை விட்டுவிடுவது, என் பழைய வார்டில் எப்படிச் செய்வோமோ அப்படி விடை சொல்வது. நாலாயிரம் கேள்வி போட்டுத் தள்ளியும் எனக்குத் தெரியாத இந்த விஷயம், அந்த மெல்லிய நோட்டில் ஒரே வாரத்தில் தெரிந்தது. நீங்களும் ஒரு நோட்டு போடுங்கள். ஒரு நாளைக்கு ஐம்பது கேள்வி போதும். ஆனால் ஒவ்வொன்றின் விளக்கத்தையும், சரியாகப் போட்டதன் விளக்கம் உள்பட, முழுதாகப் படியுங்கள்.

அதே நாளில் என் ஜெபமும் மாறியது. அதுவரை “பாஸ் பண்ண வையும்” என்பதுதான் என் ஒரே வேண்டுதல். அதன் பிறகு, ஒவ்வொரு கேள்வி திறக்கும்போதும் மூச்சை ஒரு தடவை நிதானமாக விட்டு, “ஆண்டவரே, இந்த நோயாளியை எனக்குக் காட்டும்” என்று மனதுக்குள் சொல்வேன். அவ்வளவுதான். திரையில் இருப்பது கேள்வி எண் 40 இல்லை, உதடு மரத்துப்போன ஒரு மனுஷி. அவரைப் பார்க்கத் தொடங்கியதும் பயத்துக்கு இடம் குறைந்தது. இரண்டாம் தடவை 118ஆவது கேள்வியில் திரை நின்றது. பலகையைத் திருப்பிக் கொடுக்கும்போது பார்த்தேன்: மூச்சு, ரத்தப்போக்கு, கால்சியம் என்று ஒரே கிறுக்கல். இயேசுவின் பெயர் அதில் எங்குமே இல்லை. ஆனால் அன்றுபோல அவர் என்னோடு இருந்ததை நான் வேறெந்த நாளும் அவ்வளவு உணர்ந்ததில்லை.

உபவாசம் பற்றி, ஒரு நர்ஸாகச் சொல்கிறேன், கோபப்படாதீர்கள். 21 நாள் உடலை வருத்திவிட்டு ஐந்து மணி நேரத் தேர்வில் போய் உட்காருவதை நான் செய்ய மாட்டேன், உங்களையும் செய்ய விட மாட்டேன். நாலு மணி ஜெபத்துக்காகத் தினமும் ஐந்து மணி நேரம்தான் தூங்கினீர்கள் என்றால் அதையும் மாற்றுங்கள். தூக்கமும் அவர் கொடுத்ததுதான். உபவாசம் இருக்க மனம் இருந்தால் தேர்வுக்கு வெகு நாள் முன்பே, உடம்புக்கு முடிந்த அளவில் இருங்கள்.

வார்த்தை வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள். எனக்கும் மூன்று வாரம் வரவில்லை. என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபிப்பார், நான் ஆமென் மட்டும் சொல்வேன். சில நாள் அதுவும் சொல்லவில்லை.

45 நாள் கழித்து மறுபடி எழுதலாம். உங்கள் மாநில நர்சிங் போர்டு அதைவிட நீண்ட இடைவெளி வைத்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மறுபடி 200 டாலர் கட்டி, தேர்வெழுத அனுமதிக் கடிதம் புதிதாக வாங்க வேண்டும். 45ஆம் நாளே போக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நான் நாலு மாதம் எடுத்துக்கொண்டேன்.

இந்த வழி வேண்டாம் என்று அவர் சொல்கிறாரா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு தேர்வு முடிவில் அவர் அப்படிச் சொல்வார் என்று நான் நம்பவில்லை. அதை நம்பியிருந்தால் இன்று நான் இந்த வேலையில் இருந்திருக்க மாட்டேன்.

எனக்கு 85ஆவது கேள்வியிலேயே கம்ப்யூட்டர் நின்றுவிட்டது. கேள்விகள் எல்லாம் பயங்கரக் கஷ்டம். பாதிக்குப் பாதி ஊகித்துத்தான் போட்டேன். கண்டிப்பாகப் போய்விட்டது, இல்லையா அக்கா?
— வாசகி, நியூ ஜெர்சி

இல்லை, அப்படிச் சொல்லவே முடியாது. இந்தத் தேர்வு உங்கள் திறனைப் பார்த்துப் பார்த்து அடுத்த கேள்வியை எடுக்கும். நீங்கள் சரியாகப் போடப் பாதி வாய்ப்பே இருக்கும் கேள்வியாகத் தேடி எடுக்கும். அதனால் நன்றாகப் படித்தவருக்கும் பாதி தெரியாத மாதிரிதான் இருக்கும். கஷ்டமாக இருந்தது என்றால் தேர்வு தன் வேலையைச் செய்தது என்று மட்டும்தான் அர்த்தம்.

2023 ஏப்ரலில் வந்த புதிய முறையில் குறைந்தது 85, அதிகபட்சம் 150 கேள்விகள். அந்த 85இல் 15 கேள்விகள் சோதனைக்காக வைத்தவை, மதிப்பெண் கிடையாது. எது அந்த 15 என்று நமக்குத் தெரியாது. நீங்கள் தேர்ச்சிக் கோட்டுக்கு மேலேயோ கீழேயோ இருக்கிறீர்கள் என்பது 95 சதவீதம் உறுதியானதும் கம்ப்யூட்டர் நிறுத்திவிடும். மேலே என்றாலும் 85, கீழே என்றாலும் 85. ஆகவே எண்ணை வைத்து அழாதீர்கள், எண்ணை வைத்துக் கொண்டாடவும் வேண்டாம்.

பொருந்துவதை எல்லாம் தேர்ந்தெடு என்று வரும் கேள்விகளில் ஒன்றை விட்டுவிட்டேன் என்றும் எழுதியிருக்கிறீர்கள். என் காலத்தில் ஒன்று தவறினாலும் முழுக் கேள்வியும் போயிற்று. இப்போது சரியான ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண் உண்டு. தவறாகத் தொட்டால் ஒன்று குறையும், ஆனால் பூஜ்யத்துக்குக் கீழே போகாது.

நான் பாஸானால் முடி இறக்குவதாக மாமியார் வேண்டிக்கொண்டிருக்கிறார். பாசம்தான். ஆனால் தேர்வுத் தேதியைச் சொந்தக்காரர் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். தினமும் நாலு பேர் போன் பண்ணுகிறார்கள். எப்படித் தடுப்பது?
— வாசகி, கலிஃபோர்னியா

வேண்டுதலைத் தடுக்காதீர்கள். உங்களுக்காகத் தன் முடியைக் கொடுக்கத் துணிந்த மாமியார் எத்தனை பேருக்குக் கிடைப்பார்! தேதியை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். முடிந்தால் ஒரு வாரம் தள்ளிப் போட்டு, புதிய தேதியை உங்கள் கணவரிடம் மட்டும் சொல்லுங்கள். மாமியாரிடம், “அத்தை, நீங்கள் சாமியிடம் மட்டும் சொல்லுங்கள், மற்றவர்களிடம் நான் பிறகு சொல்கிறேன்” என்று கையைப் பிடித்துக்கொண்டு கேளுங்கள். கேட்பார். போன் வந்தால் கணவர் எடுக்கட்டும். கட்டணம் இல்லாமல் தேதியை மாற்ற வேண்டுமானால் தேர்வுக்கு முந்தைய 24 மணி நேரம் தொடங்கும் முன்பே மாற்றிவிட வேண்டும்.

தேர்வு அறைக்குள் ஜெபமாலை கொண்டு போகலாமா? முடிவு வரும் வரை அந்த நாட்களை எப்படிக் கழித்தீர்கள்?
— வாசகர், இல்லினாய்

ஜெபமாலை, வேதாகமம், சாமி படம், எதுவானாலும் கையில் இருக்கும் பொருட்கள் எல்லாம் லாக்கருக்குத்தான் போகும், தம்பி. போனை ஒரு பையில் போட்டு மூடிவிடுவார்கள். உள்ளங்கை நரம்புகளை ஸ்கேன் செய்து, அடையாள அட்டையைப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். பத்து விரல் இருக்கிறதே, எண்ணி ஜெபிக்க அது போதும், வாய் மட்டும் அசையக் கூடாது. இரண்டு மணி நேரம் முடிந்ததும் ஒரு இடைவேளை தருவார்கள், மூன்றரை மணி நேரம் கழித்து இன்னொன்று. அந்த நேரம் உங்கள் ஐந்து மணி நேரத்தில்தான் கழியும், ஆனாலும் எடுங்கள். முகம் கழுவி, தண்ணீர் குடித்து, கண்ணை மூடி ஒரு நிமிஷம் நில்லுங்கள். போன கேள்விக்குத் திரும்பிப் போக இந்தத் தேர்வில் வழி இல்லை, அதனால் அதை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

முடிவுக்கு வருவோம். பல மாநிலங்களில் இரண்டு வேலை நாள் கழித்து 7.95 டாலர் கட்டி அதிகாரபூர்வமற்ற முடிவைப் பார்க்கலாம். நான் வெள்ளிக்கிழமை எழுதினேன், நடுவில் சனியும் ஞாயிறும். ஞாயிறு ஆராதனையில் என்ன பாடினோம், யார் பேசினார் என்று கேட்டால் இன்றும் சொல்லத் தெரியாது. வீட்டில் உள்ள போர்வை எல்லாவற்றையும் துவைத்தேன். செவ்வாய் காலை என் கை நடுங்கியது, கணவர்தான் கார்டு எண்ணைத் தட்டினார். நான் சுவரைப் பார்த்து நின்றிருந்தேன். அவர் ஒரு நிமிஷம் பேசவே இல்லை. அப்புறம் நாற்காலியைப் பின்னால் தள்ளும் சத்தம் கேட்டது. “வா, நீயே படி” என்றார்.