தெரியாத பாட்டுக்கு ஆடுவார்களா?

ஐயா, வணக்கம்.

நீடாமங்கலம் பக்கத்தில் அப்பா நடத்திவந்த ரேடியோ செட் கடையை இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, பொங்கல் விளையாட்டுப் போட்டி என்று எல்லாவற்றுக்கும் போகிறோம். பாட்டு பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் படிக்கிறவன்.

2024 முழுக்க எங்கே பெட்டி வைத்தாலும் ஒரே பாட்டுகள்தான். மனசிலாயோ, மட்ட, கோல்டன் ஸ்பேரோ, மக்காமிஷி, ஆச கூட. முடிந்தால் திரும்ப முதலிலிருந்து. அவற்றைக் குறை சொல்லவில்லை. ஆனால் நான் வேறு ஏதாவது போட்டால் இரண்டாவது வரி வருவதற்குள் "அண்ணே, மாத்துங்க" என்று சத்தம் வருகிறது. அந்த வருஷம் வந்து அவ்வளவாக யாரும் பேசாமல் போன ஆட்டப் பாட்டுகளில் உங்களுக்குப் பிடித்தவை எவை? தெரியாத பாட்டுக்கு நம் ஜனங்கள் ஆடுவார்களா? மாசி, பங்குனி என்று வரிசையாகத் திருவிழா வருகிறது. இதையெல்லாம் உங்களிடம் கேட்கலாமா என்று தயங்கித்தான் எழுதுகிறேன்.

ம., நீடாமங்கலம்

*

அன்புள்ள தம்பிக்கு,

தயங்க என்ன இருக்கிறது? ஒரு ஊரின் காதுக்குள் எந்தப் பாட்டு போகிறது என்பதை உங்களைப் போன்றவர்கள்தான் முடிவு செய்கிறீர்கள். நான் எழுதுவதைப் படிப்பவர்களை விட நீங்கள் போடுவதைக் கேட்பவர்கள் அதிகம்.

இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன். ஆடுவார்கள். 2024-லேயே அதற்குச் சாட்சி இருக்கிறது. செப்டம்பரில் லப்பர் பந்து வந்தது. அதில் எல்லோரும் ஆடித் தீர்த்த 'நீ பொட்டு வச்ச தங்கக் குடம்' 1989-இல் பொன்மனச் செல்வன் படத்துக்கு இளையராஜா போட்டது. விஜயகாந்த் ரசிகர்களான அப்பாக்களுக்கு அது தெரிந்த பாட்டு. அந்தப் பாட்டு வந்தபோது பிறந்தேயிராத பிள்ளைகளுக்கு அது புதுப்பாட்டுதானே? அவர்கள் ஆடவில்லையா? படம் தள்ளிவிட்டதால் ஆடினார்கள் என்று சொல்லலாம். படம் எத்தனையோ பாட்டைத் தள்ளிவிடுகிறது, எல்லாமா தெருவுக்கு வருகிறது? சொல்லும் மெட்டும் தெரியாவிட்டாலும் அதன் அடி அந்தப் பிள்ளைகளின் காலில் ஏற்கெனவே இருந்தது. நீங்கள் தேட வேண்டியதும் அதைத்தான். பாட்டு புதிதாக இருக்கட்டும், அடி பழகியதாக இருக்க வேண்டும்.

நம் பக்கத்துக் கால்களுக்கு எந்த அடி பழக்கம் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தப்பும் தவிலும் கேட்டு வளர்ந்த கால்கள். தவில் மேதை நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை வாசித்த ஊர் உங்களுடையது. தவிலுக்குப் பேர்போன வலங்கைமானும் அரித்துவாரமங்கலமும் கூப்பிடு தூரம். தஞ்சாவூர்ப் பக்கம் பச்சைக்காளியும் பவளக்காளியும் தெருவில் ஆடி வரும்போது ஓரமாக நிற்கிற சின்னப் பிள்ளையைப் பாருங்கள், தோள் தானாக ஏறி இறங்கும். சாமியையே நடை பிரித்து ஆடவைத்த ஊர் நம்முடையது. ஏழு விடங்கத் தலங்களிலும் தியாகராஜருக்குத் தனித்தனி ஆட்டம். திருவாரூரில் மூச்சு ஏறி இறங்குகிற மாதிரி அஜபா நடனம், நாகையில் கடலலை, திருக்காறாயிலில் கோழி, திருக்குவளையில் வண்டு. ஏழு ஊருக்கு ஏழு நடை கேட்ட ஜனங்களுக்குப் புதுப்பாட்டு ஒரு தடையாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

அப்படியானால் "மாத்துங்க" என்று ஏன் கத்துகிறார்கள்? இப்போதைய பாட்டுகளில் பாதி, கைபேசியில் ஓடும் சின்னக் காணொளிக்காகவே அளவெடுத்துச் செய்யப்படுகின்றன. நடுவில் ஒரு இடம், அதற்கு ஒரு கையசைவு. அந்த இடம் எப்போது வரும் என்று தெரிந்தால்தான் கூட்டம் காத்திருக்கும். தெரியாத பாட்டில் எதற்குக் காத்திருப்பது என்று புரியாது, அதனால் பொறுமை போய்விடுகிறது. தெரு ஆட்டம் வேறு மாதிரி. பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபம் வரை மாப்பிள்ளை அழைப்பு போகிறது. நடுவில் நின்று, திரும்பி, அத்தை வீட்டு வாசலில் ஒரு ஆரத்திக்கு ஒதுங்கி, மறுபடி கிளம்ப வேண்டும். அந்த நீளத்துக்குத் தாங்குகிற பாட்டு வேண்டும். அப்படித் தாங்கக்கூடியவையாக எனக்குப் பட்டவற்றைத்தான் சொல்கிறேன்.

முதலில் 'கோரனாரு'. கேப்டன் மில்லர் படம், 2024 பொங்கலுக்கு வந்தது. ஜி.வி.பிரகாஷ் இசை. அந்தப் படத்தில் 'கில்லர் கில்லர்' போட்ட சத்தத்தில் இது பின்னால் போய்விட்டது. என்னைக் கேட்டால் 2024-இன் மிகச் சிறந்த ஆட்டப் பாட்டு இதுதான். எழுதியவர் உமாதேவி. தங்கலானில் 'மினிக்கி மினிக்கி' எழுதிய அவரேதான், அதை எல்லோரும் கேட்டார்கள், இதைக் கேட்கவில்லை. பாடியவர்களில் தேவா இருக்கிறார். தேவாவின் குரல் ஒரு பாட்டுக்குள் வந்தால் அந்தப் பாட்டுக்குத் திருவிழாவின் புழுதி வந்துவிடும். பொற்காலத்தில் 'தஞ்சாவூரு மண்ணு எடுத்து' போட்டவர் அவர், நம் ஊர் மண்ணுக்கு அந்த ஒரு பாட்டுக்காகவே அவரிடம் ஒரு நன்றி பாக்கி இருக்கிறது. கோரனார் என்பது அந்தப் படத்தில் ஒரு சாமி. தங்கள் முன்னோர் எழுப்பிய கோயிலுக்குள்ளேயே போகவிடாமல் தடுக்கப்பட்ட சனங்களின் சாமி. அவர்கள் அந்தச் சாமியைக் கூப்பிட்டு ஆடுகிற பாட்டு என்று தெரிந்துகொண்டு கேட்டால் அந்தக் குரல்களில் இருக்கிற வீம்பு புரியும். காப்பு கட்டிய பிறகு, இரவு அம்மன் புறப்பாட்டுக்கு முன்னால் இதைப் போடுங்கள். அந்த நேரத்துக்கே செய்த மாதிரி உட்காரும்.

அடுத்தது 'தேர் திருவிழா', லால் சலாம் படம், அதே வருஷம் பிப்ரவரியில் வந்தது. ஏ.ஆர்.ரஹ்மான் இசை, விவேக் எழுதியது, சங்கர் மகாதேவன் குரல் முன்னால் நிற்கும். இந்தப் பாட்டுக்கு நடந்தது அநியாயம். பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரலையும் அவர்கள் காலமான பிறகு செயற்கை நுண்ணறிவை வைத்து 'திமிறி எழுடா'வில் கொண்டுவந்தார் ரஹ்மான். அந்த ஆல்பத்தைப் பற்றி நடந்த பேச்செல்லாம் அந்த ஒரு விஷயத்தோடு தீர்ந்துபோனது. படமும் ஓடவில்லை. தேர்ப் பாட்டு தெருவிலேயே நின்றுவிட்டது.

தேர் இழுத்த ஊர்க்காரர்களுக்கு இந்தப் பாட்டைக் கொடுக்காமல் வேறு யாருக்குக் கொடுப்பது? ஆழித்தேர் ஓடும்போது திருவாரூர் கீழவீதியில் நின்று பார்த்திருப்பீர்கள். அலங்காரம் முடித்தால் 96 அடி உயரம், சுமார் 300 டன் எடை. இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் திருச்சி பெல் நிறுவனம் செய்து கொடுத்தவை. இருந்தாலும் தேரைத் திருப்புகிறவர்கள் முட்டுக்கட்டை போடுகிற ஆட்கள்தான். சக்கரத்துக்கு அருகிலேயே குனிந்தபடி நடந்து, சரியான நொடியில் கட்டையைச் செருகி, சக்கரம் ஏறுவதற்குள் கையை எடுத்துவிட வேண்டும். கட்டை கடிபட்டதும் அவ்வளவு பெரிய தேர் ஒரு முனகலோடு நிற்கும். வடத்தில் இருப்பவர்கள் மூச்சு வாங்குவார்கள். யாரோ ஒருவர் "ஆரூரா" என்பார், தெருவே "தியாகேசா" என்னும், வடம் விறைக்கும், தேர் அசையும். நின்று கிளம்புகிற அந்த இடத்தில்தான் ஆட்டம் பிறக்கிறது, ஓடிக்கொண்டே இருக்கும்போது யாரும் ஆடுவதில்லை. பெரிய குரல் ஒன்று கூப்பிட, கூட்டம் பதில் சொல்லும் பாட்டுக்குத் தேரடியில் மதிப்பு அதனால்தான். உங்கள் ஊர்த் தேர் சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, நிலைக்கு வரும் நேரத்தில் இதைப் போட்டுப் பாருங்கள்.

பொங்கல் விளையாட்டுப் போட்டிக்கு என்றால் 'அரக்கோணம் ஸ்டைல்'. ப்ளூ ஸ்டார் படம், 2024 ஜனவரியில் வந்தது, கோவிந்த் வசந்தா இசை, பாடகர் அறிவின் குரல். அந்தப் படத்திலிருந்து 'ரயிலின் ஒலிகள்' மட்டும்தான் எல்லோர் கைபேசியிலும் இருக்கிறது. அரக்கோணத்துக்கும் நமக்கும் என்ன என்று பசங்கள் கேட்கலாம். கிரிக்கெட் மட்டையோடு அறுத்த வயலில் இறங்குகிற பசங்களுக்கு எல்லா ஊரும் ஒன்றுதான்.

'டெல்டா கல்யாணம்' உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று நம்புகிறேன். மெய்யழகன் படம், அதற்கும் கோவிந்த் வசந்தாதான் இசை. கதையே நீடாமங்கலத்துக் கல்யாணம் ஒன்றுக்குப் போவதுதான். கமல்ஹாசன் பாடிய பாட்டைப் பற்றி எல்லோரும் எழுதினார்கள், எனக்கும் அது பிடிக்கும். ஆனால் பேரிலேயே நம்மை வைத்திருக்கிற பாட்டு நம் மண்டபங்களிலேயே ஒலிக்காமல் இருப்பது வருத்தமாக இருக்கிறது. இது தெருவுக்கு வேண்டாம். மண்டபத்தில் வரவேற்பு நேரத்தில், சந்தனமும் கற்கண்டும் எடுத்துக்கொண்டு ஜனம் உள்ளே வரும்போது.

படப்பாட்டு இல்லாமல் ஒன்று வேண்டும் என்றால் அறிவின் 'வள்ளியம்மா பேராண்டி' ஆல்பம். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டியின் பேரால் செய்தது. தோட்டத்துக்குக் கப்பல் ஏறியவர்களில் தஞ்சாவூர், திருச்சி ஜில்லா சனங்கள் எவ்வளவோ பேர். அது நம் குடும்பக் கதையும்தான். எல்லாப் பாட்டும் திருவிழாவுக்குப் பொருந்தாது. நீங்களே உட்கார்ந்து கேட்டுப் பொறுக்கி எடுங்கள்.

ஒலி பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இது உங்கள் தொழில், தெரிந்ததுதான். இப்போதைய ஹிட்டுகளில் பல, அடியாழத்தில் உறுமுகிற செயற்கை பேஸை நம்பி நிற்பவை. பெரிய பெட்டி இருந்தால் நெஞ்சில் இடிக்கும். குழாய் ஒலிபெருக்கியில் போட்டால் அந்த பேஸ் வரவே வராது, பாட்டின் முதுகெலும்பே காணாமல் போய், மேலே இருக்கும் கீச்சுக் குரல் மட்டும் வயல் தாண்டிப் போகும். மனிதக் குரல், தவில், தப்பு, உருமி இவையெல்லாம் குழாயிலும் தாங்கும். சின்ன பட்ஜெட் திருவிழாவுக்குப் பாட்டு எடுக்கும்போது முதலில் ஒரு குழாயில் மட்டும் போட்டு, களத்துமேடு வரை நடந்துபோய்க் கேளுங்கள். அங்கே காலைத் தட்டத் தோன்றினால் அந்தப் பாட்டை எடுத்துக்கொள்ளலாம்.

அப்புறம், எப்படிப் போடுவது. கூட்டம் உச்சத்தில் இருக்கும்போது தெரியாத பாட்டைப் போட்டால் சண்டைதான் வரும். திருவிழா பத்து நாள் நடந்தால் முதல் மூன்று நாளும் சாயங்காலம், விளக்கு போட்டுப் பந்தலில் ஆள் சேரத் தொடங்கும் நேரத்தில் 'கோரனாரு'வைப் போடுங்கள். யாரும் ஆட மாட்டார்கள், ஆட வேண்டியதும் இல்லை. வளையல் கடைக்காரர் கேட்பார், ராட்டினத்துப் பிள்ளைகள் கேட்பார்கள், கோலம் போடுகிறவர்கள் கேட்பார்கள். நான்காம் நாள் ராத்திரி, தெரிந்த குத்துப் பாட்டு ஒன்று முடிகிற அதே வேகத்தில், இடைவெளி விடாமல் இதைச் செருகுங்கள். ஆடுகிற கால் நிற்பதற்குள் அடுத்த அடி விழுந்துவிட வேண்டும். பாட்டு மாறியதைக் கவனிப்பதற்குள் பாதி ஆடியிருப்பார்கள். அப்போதும் ஒருவன் "மாத்துங்க" என்பான். அவனுக்காக மாற்றாதீர்கள். ஒரு பாட்டை முழுசாக ஓடவிடுவதற்குக் கொஞ்சம் பிடிவாதம் வேண்டும், அது இல்லாமல் எந்த ஊரிலும் புதுப்பாட்டு வேர் பிடித்ததில்லை.

இதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. திருவிழாவுக்கு வருகிற மேளக்காரர்களிடம் இந்தப் பாட்டுகளை வாட்ஸப்பில் முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். மாப்பிள்ளை அழைப்பில் ஒரு நல்ல மேள செட் புதுப்பாட்டை எடுப்பதைக் கிட்டத்தில் நின்று பாருங்கள். நாதஸ்வரக்காரர் பல்லவியை ஒரு தடவை அவசரமில்லாமல் வாசித்துக் காட்டுவார். தவில்காரர் அப்போது வலந்தலையில் கை வைக்க மாட்டார், இடது பக்கமான தொப்பியில் குச்சியால் மட்டும் அடி பிடித்துக்கொண்டு கேட்பார். இரண்டாவது தடவை விரல்கூடு போட்ட வலது கை சேரும். மூன்றாவது தடவை அவர் முன்னால் ஆடுகிற பையனின் காலைப் பார்த்து வாசிப்பார். அவன் இரட்டை அடி போட்டால் இவரும் இரட்டிப்பார், அவன் சளைத்தால் ஒரு தீர்மானம், அதாவது முடிப்பு அடி, வைத்து மூச்சு விடவைப்பார். பாட்டு யாருக்கும் தெரியாது என்பதே அங்கே மறந்துபோயிருக்கும். தப்புக்காரர்களிடமும் கொடுங்கள். வைக்கோல் கொளுத்தித் தப்பு காய்ச்சிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற அந்த நேரம் நல்ல நேரம். உங்கள் பெட்டியில் ஒரு தடவை கேட்டால் போதும், புறப்பாட்டில் அடித்துவிடுவார்கள். அவர்கள் ஒரு பாட்டை எடுத்துக்கொண்டால் அடுத்த ஊரில் நீங்கள் அதைப் போடும்போது யாரும் மாற்றச் சொல்ல மாட்டார்கள்.

மேளக்காரருக்கும் தப்புக்காரருக்கும் கமிட்டி பேசிய கூலி குறையாமல் போகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ரேடியோ செட் வந்த பிறகு அவர்களை அரைமணி நேரத்தில் அனுப்பிவிடுகிற வழக்கம் சில ஊர்களில் வந்துவிட்டது. அவர்கள் வாசிக்கும்போது உங்கள் பெட்டியை அணைத்து வையுங்கள்.

பங்குனி முடிந்ததும் எழுதுங்கள். எந்தப் பாட்டு நின்றது, எது நிற்கவில்லை, பெண்கள் எந்தப் பாட்டுக்குக் கும்மி கொட்டினார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை.

அன்புடன்