கையெழுத்துப் போடும் முன் கணக்குப் போடுங்கள்

கேள்வி: ஒரகடத்தில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் 14 ஆண்டுகளாக நிரந்தரத் தொழிலாளியாக இருக்கிறேன். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து மாதம் 26,000 ரூபாய். போன மாதம் வரை 340 பேர் இருந்தோம். உற்பத்தி வியட்நாமுக்குப் போகிறது. மோல்டுகளைக் கழற்றிப் பெட்டியில் அடைக்கிறார்கள். ஒவ்வொருவராக எச்.ஆர். அறைக்கு அழைத்து, ‘சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்’ என்ற கடிதத்தை நீட்டுகிறார்கள். கையெழுத்திட்டால் பணிக்கொடை உட்பட 4 லட்சம் தருவார்களாம். வாங்கிக்கொள்ளலாமா?

பதில்: இந்தக் கடிதத்தில் கையெழுத்திடாதீர்கள்.

ஆலை வியட்நாம் போவதைச் சட்டம் தடுக்கும் என்று நம்பிவிடவும் வேண்டாம். மூடலாம், ஆனால் கேட்டுத்தான் மூட வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பின்படி, 300 தொழிலாளர்களுக்குக் குறையாத ஆலையை மூட 90 நாள் முன்பே அரசிடம் அனுமதி கேட்க வேண்டும். (பழைய சட்டத்தில் 100 பேர் இருந்தாலே போதும். உயர்த்தியதால் யாருக்கு லாபம் என்று நான் சொல்லத் தேவையில்லை.) 340-ஐ 300-க்குக் கீழே இறக்கத்தான் இந்த அவசரமோ என்று எனக்குச் சந்தேகம். அப்படியென்றால் அது பலிக்காது. முந்தைய 12 மாதங்களின் சராசரிதான் கணக்கு. சம்பளச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

இனி அந்த 4 லட்சத்தைப் பார்ப்போம். பணிக்கொடை ஆண்டுக்கு 15,000 வீதம் 2,10,000. இது நீங்களாக விலகினாலும் தந்தே ஆக வேண்டிய பணம். மூடல் இழப்பீடு ஆண்டுக்கு 15 நாள் சம்பளம். 14 ஆண்டுக்கு ஏழு மாதச் சம்பளம், 1,82,000. ஆக 3,92,000. நிர்வாகத்தின் தாராளம் வெறும் 8,000 ரூபாய்! மூடாமல் ஆட்குறைப்பு செய்தால் மூன்று மாத முன்னறிவிப்பு, அல்லது அதற்கீடாக இன்னும் 78,000.

இதுவும் குறைந்தபட்சம்தான். மறைமலைநகர் ஃபோர்டு ஆலை மூடப்பட்டபோது, தொழிலாளர்கள் ஒன்றாக நின்று பேசி, சட்டத் தொகையைப் போலப் பல மடங்கு வாங்கினார்கள். தனித்தனியாக அறைக்குள் போகிறவர்களுக்கு அது கிடைக்காது.

சங்கத்தின் மூலம் தொழிலாளர் துறைக்கு இப்போதே எழுதுங்கள். நிர்வாகம் விண்ணப்பித்து 60 நாளில் அரசு முடிவைத் தெரிவிக்காவிட்டால், அனுமதி கொடுத்ததாகவே கொள்ளப்படும்.

ஏற்கெனவே கையெழுத்திட்ட நண்பர்கள், நிர்வாகம் அதை ஏற்கும் முன்பே, ‘வற்புறுத்தலால் கொடுத்தது, திரும்பப் பெறுகிறேன்’ என்று ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்ளட்டும்.