பாலையை வெட்டினால் தேக்கு பிழைக்குமா?

நெடுங்கேணிப் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். 3 ஏக்கர் காணி. 15 வருடத்துக்கு முந்தி 8 அடிக்கு ஒன்றாக வைத்த தேக்கு. காட்டோரத்து எல்லையில் நாலு பழைய பாலை மரமும் ஒரு வீரை மரமும் நிற்கின்றன. போன கோடையில் தேக்கின் நுனிக் கிளைகள் காய்ந்தன, ஆவணியில் கிணற்றின் அடியும் தெரிந்தது. "பாலைதான் தண்ணியை எல்லாம் உறிஞ்சுது, வெட்டித் தாங்கோ, நல்ல விலை தாறன்" என்று மரம் வாங்குகிறவர் வீட்டுக்கு வந்து போகிறாராம். வெட்டலாமா?

வேண்டாம், தம்பி. மரம் வாங்க வந்தவர் சொல்லும் தண்ணீர்க் கணக்கை நம்பி ஒரு கொப்பைக்கூட வெட்டாதீர்கள்.

வன்னியில் மழையின் பெரும்பகுதி ஐப்பசி தொடங்கி மார்கழி, தைக்குள் பெய்து முடிந்துவிடும். சித்திரையில் கொஞ்சம் சிறுமழை. அப்புறம் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்கள் முழுக்க, மரங்கள் மண்ணில் தேங்கிய ஈரத்தை வைத்துத்தான் காலம் தள்ள வேண்டும். அந்த ஈரம் எல்லா ஆழத்திலும் ஒரே அளவில் இருக்காது. மேலே சிவப்பு மண், அதன் கீழே கிறவல், அதற்கும் கீழே உக்கிய பாறையும் வெடிப்புகளும். தேக்கின் தண்ணீர் குடிக்கும் மெல்லிய வேர்களில் பெரும்பங்கு மேல்மண்ணில்தான் கிடக்கும். புல்லும் பற்றையும் அங்கேதான் குடிக்கின்றன. பாலை, வீரை போன்ற காட்டு மரங்கள் கோடையிலும் இலையை விடாமல் நிற்பதற்குக் காரணம், அவற்றின் வேர் கிறவலைத் தாண்டி வெடிப்புகளுக்குள் இறங்கியிருப்பதும், தடித்த சிறிய இலையால் தண்ணீரைச் சிக்கனமாக விடுவதும். முறம் அளவு இலை வைத்திருக்கும் தேக்கு, ஈரம் இருக்கும்வரை வேகமாகக் குடிக்கும். தீர்ந்ததும் இலையைக் கொட்டிவிடும்.

நீங்களே பார்த்துவிடலாம். அலவாங்கை எடுத்து இரண்டு தேக்கு வரிசைக்கு நடுவே முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி போடுங்கள். மெல்லிய வேர்கள் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து பின்னிக் கிடக்கும். உங்கள் தேக்கோடு தண்ணீருக்குச் சண்டை பிடிப்பது பக்கத்துத் தேக்கு. ஒரே வயது, ஒரே இனம், ஒரே ஆழத்து வேர், எல்லாவற்றுக்கும் ஒரே மாதத்தில் தாகம்.

இன்னொரு சோதனையும் உண்டு. மத்தியானத்தில் இலை தொங்கினால் பயப்பட வேண்டாம், அந்த வெயிலில் பெரிய இலை தளரத்தான் செய்யும். விடியற்காலையிலும் நிமிராமல் தொங்கினால், வேர் நிற்கும் மண்ணில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. அந்த நிலையிலும் வறண்ட காற்று இலைவழியே தண்ணீரை இழுத்துக்கொண்டே இருந்தால், மரத்துக்குள் தண்ணீர் ஏறும் குழாய்களில் காற்றுப் புகுந்து நீரோட்டம் அறுந்துபோகும். முதலில் காய்வது நுனி. காய்ந்த கொப்பை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். பச்சை தெரிந்தால் அது மழையோடு துளிர்க்கும்.

காட்டோரத்துப் பாலையை வெட்டினால் அந்தப் பக்கத்தால் கச்சான் நேராகத் தோட்டத்துக்குள் இறங்கும். நிழலும் போகும், மேல்மண் இன்னும் வேகமாகக் காயும். தேக்குக்குக் கிடைப்பது லாபமில்லை. கிணற்றுக்கும் பாலைமேல் பழி போட வேண்டாம். நம் பக்கத்து ஆழமில்லாத கிணறுகள் குளத்திலும் வயலிலும் தண்ணீர் நிற்பதைப் பொறுத்தே ஊறுகின்றன. குளம் வற்றினால் கிணறும் வற்றும்.

எல்லா மரத்தையும் கலந்து வைத்துவிட்டால் வறட்சி தொடாது என்று சொல்கிறவர்களையும் அப்படியே நம்பாதீர்கள். 2014இல் வெளியான, ஐரோப்பாவின் பலவகைக் காடுகளில் செய்த ஆய்வில், கலப்பு மரங்களால் வறட்சியின் பாதிப்பு குறைந்தது சில காடுகளில் மட்டும்தான். எந்த மரத்துக்குப் பக்கத்தில் எது நிற்கிறது என்பதில் இருக்கிறது விஷயம். உங்கள் எல்லையில் நிற்கும் கூட்டு நல்ல கூட்டு.

சரி, வெட்டவே கூடாதா? ஒரே இடத்தில் வெட்டச் சொல்வேன், தேக்கில். 8 அடி இடைவெளியில் வைத்த தேக்கைச் சில வருடங்களிலேயே ஒருமுறை, இடையிடையே சில மரங்களை எடுத்து, ஐதாக்கியிருக்க வேண்டும், பிறகு இன்னொரு முறை. யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை. மாரியில் கன்றைக் கொடுத்துப் படம் எடுத்துப் போகிறவர்கள், ஐதாக்கும் வருடத்தில் திரும்பி வருவதில்லை. எத்தனை கன்று நட்டோம் என்பதுதான் அவர்கள் அறிக்கையில் வரும். எத்தனை மரம் தாகத்தில் நிற்கிறது என்று எவரும் எழுதுவதில்லை.

இப்போது, கோடையில், வெட்ட வேண்டாம். மாரி தொடங்கி மண் நனைந்த பிறகு வெட்டுங்கள். அப்போது வெளிச்சமும் ஈரமும் மிஞ்சிய மரங்களுக்குச் சேர்ந்து கிடைக்கும். கவர் விழுந்தது, மெலிந்தது, பக்கத்து மரத்தின் தலைக்குக் கீழே அமுங்கியது, இவற்றை எடுங்கள். நேரான பெரிய மரத்தைத் தரகர் கை காட்டுவார், அதை விடுங்கள். ஒரே தடவையில் பாதியை எடுக்காதீர்கள், கச்சான் அடிக்கும் தென்மேற்கு ஓர வரிசையைத் தொடவே வேண்டாம். முக்கியமாக, வெட்டிய தேக்கு சாகாது. அடிக்கட்டையிலிருந்து கொத்தாகத் துளிர் வரும், பழைய வேரால் பழையபடி குடிக்கும். துளிரை வரவர உடைத்துவிடாவிட்டால் ஐதாக்கியதன் பலன் போய்விடும்.

இனித் தரகர்கள். சண்டை நடந்த ஊர் மரம் என்பதால் "உள்ளே செல் துண்டு இருக்கும், வாள் போயிடும்" என்று விலையை இறக்குவார்கள். சில மரத்தில் உண்மையாகவே இருக்கும், ஆனால் பார்க்காமலே எல்லா மரத்துக்கும் அதைச் சொல்வார்கள். சுற்றளவை மெல்லிய நுனியில் அளந்து, அடியின் பருமனைச் சும்மா கொண்டுபோவார்கள். நிற்கும் மரத்தை மொத்தமாக விலை பேசாதீர்கள். வெட்டிக் கிடத்தி, நடுவில் நீங்களும் நாடா பிடித்து அளந்த பிறகு காசைப் பேசுங்கள். "மரத்துக்கான பெர்மிட்டை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறவரிடம் காணிப் பத்திரத்தின் பிரதியைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். உங்கள் பத்திரத்தைக் காட்டி வேறு யாருடைய காட்டு மரமும் வீதியில் போகலாம். பிடிபட்டால் விசாரணைக்கு உங்கள் பெயர்தான் வரும். உங்களுடையது அரசாங்கம் அனுமதிப் பத்திரத்தில் தந்த பெர்மிட் காணி என்றால் மரம் வெட்ட உங்கள் விருப்பம் மட்டும் போதாது, பிரதேச செயலகத்தில் முதலே கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்தக் கடதாசிக்காகக் கிராம சேவகரிடமும் பிரதேச செயலகத்துக்கும் வன அலுவலகத்துக்கும் மாறிமாறி அலைய விடுவார்கள். நேர்மையாகப் பத்துத் தேக்கு வெட்டுகிறவர் மாரி முடியும்வரை அலைய, இரவில் முதிரை மரம் ஏற்றிய ட்ரக்டர் காட்டுப் பாதையால் போகிறது. கோபம் வரத்தான் செய்யும். இருந்தாலும் உங்கள் பெயரிலேயே விண்ணப்பியுங்கள், இப்போதே கொடுத்துவிடுங்கள். அப்போதுதான் ஐப்பசிக்குள் கிடைக்க வழியுண்டு.

அதுவரை தேக்கடியில் புல்லையும் பற்றையையும் நிலமட்டத்தில் வெட்டி, சருகோடு அங்கேயே பரப்புங்கள். உழ வேண்டாம், மேல்மண் வேர் அறுந்துபோகும். காட்டு எல்லையில் மட்டும் நெருப்புத் தாண்டாதபடி ஒரு ஒடுங்கிய பட்டையைச் சருகில்லாமல் கூட்டி வையுங்கள். அந்தப் பட்டையைப் பாலைக்கு உங்கள் பக்கமாக எடுங்கள். பாலையடியில் உள்ள பற்றையைத் தொட வேண்டாம்.