எந்த செனட்டர், எந்த அவை?

கேள்வி: மகன் ஃபீனிக்ஸ் நகரில் ஹெச்-1பி விசாவில் வேலை பார்க்கிறான். ‘வெளிநாட்டுக்காரர்களைப் பிடித்து உள்ளே போடச் சட்டம் கொண்டுவந்த அமெரிக்க செனட்டர்’ என்று ரஸ்ஸல் பியர்ஸ் படத்தோடு வாட்ஸ்அப்பில் செய்தி வருகிறது. பயமாக இருக்கிறது. உண்மையா?
– வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: ஆளும் உண்மை, சட்டமும் உண்மை. ஆனால் செய்தி பழையது, அம்மா. பியர்ஸ் 2023 ஜனவரியில் காலமாகிவிட்டார்.

அவர் வாஷிங்டனில் உட்கார்ந்த செனட்டர் அல்ல. உங்கள் மகன் இருக்கும் அரிசோனா மாநிலச் சட்டமன்றத்தின் மேலவையும் செனட்தான். 30 பேர் கொண்ட அந்த அவையில் மேசா நகரத்துக்காரராக இருந்தார். குடியரசுக் கட்சி, அதற்கு முன் போலீஸ் வேலை. செனட்டர் பெயரில் எது வந்தாலும் மாநில அவையா, மத்திய அவையா என்று முதலில் பாருங்கள். விசா கொடுப்பதும் ரத்து செய்வதும் மத்திய அரசின் கையில் மட்டுமே இருக்கிறது.

பியர்ஸ் சொல்லிவந்தது இதுதான்: அனுமதியில்லாமல் தங்கியிருப்பவர்களுக்கு நெருக்கடி கொடுத்துக்கொண்டே இருந்தால் தாமாகவே கிளம்பிவிடுவார்கள், மத்திய அரசு செய்யாவிட்டால் மாநிலம் செய்யலாம். 2010 ஏப்ரலில் ஆளுநர் ஜான் ப்ரூவர் கையெழுத்திட்ட எஸ்பி 1070 சட்டம் இந்த எண்ணத்தில் பிறந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 2012 ஜூனில், எதிர்க்கப்பட்ட நான்கு பிரிவுகளில் மூன்று அடிபட்டன. மாநிலம் தனியாகக் குடியேற்றக் குற்றம் உண்டாக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம்.

நின்றது ஒரு பிரிவு. வேறு காரணத்துக்காகச் சட்டப்படி நிறுத்திய ஆளிடம் நியாயமான சந்தேகம் வந்தால், முடிந்த அளவு குடியேற்ற நிலையைப் போலீஸ் விசாரிக்க வேண்டும். வாளையாறில் மாநிலப் போலீஸ் வண்டியை மறித்துக் காகிதம் கேட்கலாம், பாஸ்போர்ட்டை ரத்து செய்ய முடியாது. கிட்டத்தட்ட அந்த அளவுதான். ஆனாலும் தோல் நிறத்தைப் பார்த்துச் சந்தேகப்பட இந்தப் பிரிவு இடம் கொடுக்கும் என்ற அச்சத்தை நான் வீண் என்று சொல்லமாட்டேன்.

மகனிடம் சொல்லுங்கள்: செல்லுபடியாகும் அரிசோனா ஓட்டுநர் உரிமம் பையில் இருக்கட்டும், அதைக் காட்டினால் சட்டப்படி தங்கியிருப்பவர் என்றே அந்தச் சட்டம் கருதுகிறது. ஐ-94 தாளை (எதுவரை தங்கலாம் என்று சொல்லும் வருகைப் பதிவு ஆவணம்) மத்திய எல்லைப் பாதுகாப்புத் துறையின் இணையதளத்தில் எடுத்து அச்சிட்டு உடன் வைத்திருக்க வேண்டும். 18 வயது நிரம்பிய வெளிநாட்டவர் பதிவு ஆவணத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது பியர்ஸுக்கு வெகுகாலம் முன்பே உள்ள மத்தியச் சட்டம். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்: விசா நீட்டித்தால் ஒப்புதல் கடிதத்தின் அடியிலேயே புது ஐ-94 வரும். அதை எடுத்து வைக்காமல் பழைய தாளோடு திரிகிறார்கள், அதில் தேதி முடிந்திருக்கும்.

கேள்வி: பியர்ஸை மக்களே பதவியிலிருந்து இறக்கினார்களாமே, எப்படி?
– வாசகர், மீனாட்சிபுரம்

பதில்: திரும்ப அழைக்கும் உரிமை அரிசோனா அரசியல் சாசனத்திலேயே இருக்கிறது. கடந்த தேர்தலில் அந்தப் பதவிக்கு விழுந்த வாக்குகளில் 25 சதவீதம் அளவுக்குக் கையெழுத்து திரட்டினால் மறுதேர்தல். 2011 நவம்பரில் அது நடந்தபோது பியர்ஸ் செனட் தலைவர். தோற்கடித்தவர் ஜெர்ரி லூயிஸ், அவரும் குடியரசுக் கட்சிதான். கட்சிக்குள் முதல்கட்டத் தேர்தல் கிடையாது, எல்லாக் கட்சி வாக்காளரும் ஒரே சீட்டில் வாக்களித்தார்கள். அதுதான் அவரைக் கவிழ்த்தது என்பது என் கணிப்பு. கேரளத்திலோ தமிழகத்திலோ சட்டமன்ற உறுப்பினருக்கு இப்படி வழியில்லை.

கேள்வி: சட்டமன்றத்தில் என்ன பேசினாலும் வழக்கில்லையாமே?
– வாசகர், வேலந்தாவளம்

பதில்: விவாதத்தில் பேசியதற்கு வழக்கு இல்லை. நமக்கு அரசியல் சாசனத்தின் 194-வது பிரிவு, அரிசோனாவுக்கு அதன் சொந்தச் சாசனம். அவைக்கு வெளியே அந்தக் காப்பு கிடையாது. வழக்கு வராவிட்டாலும் பதவி போகலாம். அரசு மருத்துவ உதவி பெறும் பெண்களைப் பற்றி வானொலியில் பேசிய பேச்சுக்காக, 2014 செப்டம்பரில் பியர்ஸ் மாநிலக் கட்சியின் துணைத் தலைவர் பதவியை விட்டு விலக நேர்ந்தது.