குடித்துவிட்டு ஓட்டிய வழக்கு, முதல் தடவை: வக்கீலிடம் கேட்டவை

தமிழ்நாட்டில் குடித்துவிட்டு வண்டி ஓட்டி முதன்முதலாக மாட்டியவர்களின் சந்தேகங்களைக் கேட்டிருந்தேன். வந்தவற்றில் சிலவற்றுக்குப் பதில்.

சார், சனிக்கிழமை ராத்திரி ஊதச் சொன்னார்கள், 62 காட்டியது. பத்தாயிரம் கட்டினால் முடிந்தது என்கிறான் நண்பன். வக்கீல் தேவையா?

நண்பர் பாதிதான் சொல்லியிருக்கிறார். 100 மி.லி. ரத்தத்தில் ஆல்கஹால் 30 மி.கி. தாண்டினாலே மோட்டார் வாகனச் சட்டம் 185-வது பிரிவு. முதல் தடவைக்கு 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அவர் சொல்லாமல் விட்டது லைசென்ஸ் விஷயத்தை. 185-ல் தண்டனை ஆனால் குறைந்தது ஆறு மாதம் லைசென்ஸைத் தகுதி நீக்கம் செய்யச் சொல்கிறது 20-வது பிரிவு. இன்று ஒப்புக்கொண்டால் அது முதல் குற்றமாகக் கணக்கில் ஏறும். அடுத்த முறை 15,000 ரூபாய் அல்லது இரண்டு வருடம் வரை சிறை, இரண்டுமேகூட. ஓட்டித்தான் பிழைப்பு என்றால் வக்கீல் இல்லாமல் கூண்டில் ஏறாதீர்கள். மற்றவர்களும் ஒப்புக்கொள்வதற்கு முன் ஒரு அரை மணி நேரம் ஆலோசனை கேளுங்கள்.

நான் குடித்தது உண்மைதானே, வக்கீல் வந்து என்ன பார்ப்பார்?

காகிதத்தைப் பார்ப்பார். கருவியிலிருந்து வந்த சீட்டில் நேரமும் வண்டி எண்ணும் சரியா என்று. கைது செய்திருந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை நடந்ததா என்று. நடக்கவில்லையென்றால் காவலில் வைத்திருக்க முடியாது. ‘ஊத மாட்டேன்’ என்று அடம்பிடித்தவர்களுக்கு ஒரு வார்த்தை: காரணமில்லாமல் மறுத்ததே உங்களுக்கு எதிரான சாட்சியமாகலாம்.

கோர்ட் வாசலில் ஒருவர் இருபதாயிரம் கொடுத்தால் கேஸே இருக்காது என்கிறார்.

திரும்பிப் பார்க்காமல் நடங்கள். வக்கீல்கள் வலிய வந்து கட்சிக்காரர் பிடிக்கக்கூடாது என்பது வக்கீல்களை ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சிலின் விதி. உங்கள் கேஸ் எந்த மாஜிஸ்திரேட் கோர்ட்டோ அங்கேயே ஒரு காலை நேரம் பின் பெஞ்சில் உட்காருங்கள். இதே மாதிரி வழக்குகளில் யார் நிதானமாகப் பேசுகிறார் என்று தெரிந்துவிடும். (எழும்பூரோ சைதாப்பேட்டையோ, உட்கார இடம் கிடைப்பதுதான் பாடு.) அப்புறம் பதிவு எண் கேளுங்கள், ஃபீஸை முதலிலேயே பேசுங்கள், வெற்று வக்காலத்தில் (உங்களுக்காக வாதாட வக்கீலுக்கு அதிகாரம் தரும் தாள்) கையெழுத்துப் போடாதீர்கள்.

ஐயா, மகன் ஆட்டோ ஓட்டுகிறான். வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை.

கவலைப்படாதீர்கள் அம்மா. கோர்ட் வளாகத்திலேயே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கும். 15100-க்கும் போன் செய்யலாம். மகன் காவலில் இருந்தால் வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கும் அப்படியே. மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. 185 ஜாமீனில் விடக்கூடிய குற்றம்தான், அதனால் ஜாமீன் கேட்பது அவர் உரிமை.

தம்பி ஓட்டிய கார் மோதி ஒருவருக்குக் கால் முறிந்துவிட்டது. இதற்கும் அதே அபராதமா?

இல்லை. இதில் பாரதிய நியாய சன்ஹிதா (இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) பிரிவுகளும் சேரும். உயிர் போயிருந்தால் கொலையாகாத மரணம் விளைவித்தல் வரைக்கும் போகலாம். 2006-ல் மும்பை கார்ட்டர் சாலையில் ஏழு பேர் இறந்த வழக்கில் அந்தக் குற்றத்துக்கான மூன்று வருடத் தண்டனையை உச்ச நீதிமன்றம் 2012-ல் உறுதி செய்தது. இன்றைக்கே வக்கீலைப் பாருங்கள்.

அண்ணா, கேஸ் முடியவில்லை, துபாய் வேலை வந்திருக்கிறது.

பாஸ்போர்ட் புதிதாக எடுக்கவோ புதுப்பிக்கவோ போனால் நிலுவை வழக்கு குறுக்கே நிற்கும், கோர்ட் அனுமதி வாங்க வேண்டியிருக்கும். விண்ணப்பத்தில் மட்டும் மறைத்துவிடாதீர்கள் தம்பி, அது தனி வழக்கு.