சித்தப்பாவின் கைநடுக்கமும் மூன்று கிரெடிட்டும்

வணக்கம் அண்ணா,

டெக்சஸில் இருக்கிறேன். கல்யாணத்தோடு விட்டுப்போன டிகிரியை நாற்பது வயதில் இங்கே முடிக்கப் பார்க்கிறேன். வகுப்புக்குப் போகாமல் தேர்வு மட்டும் எழுதி மூன்று கிரெடிட் வாங்கலாம் என்று டிஎஸ்எஸ்டி என்ற கல்லூரிக் கிரெடிட் தேர்வில் ‘சப்ஸ்டன்ஸ் அப்யூஸ்’ (போதைப் பழக்கம்) பாடத்துக்குப் பணம் கட்டிவிட்டேன். என் அப்பா குடித்தே போனவர். இதில் எனக்குத் தெரியாதது என்ன இருக்கும் என்று நினைத்தேன். மாதிரித் தேர்வு எழுதிப் பார்த்தால் மது பகுதியில்தான் அதிகத் தப்பு. அந்தப் பகுதியைத் திறந்தாலே மனசும் எங்கேயோ போய்விடுகிறது. மூன்று வாரம் இருக்கிறது. நீங்கள் இதே தேர்வை எழுதியதாக ஒருமுறை சொல்லியிருந்தீர்கள். எப்படிப் படிப்பது?

எம்.

அன்புள்ள எம்.,

மது பகுதியில் தப்பு வந்தது எனக்கு ஆச்சரியமாக இல்லை. எனக்கும் அங்கேதான் அடி விழுந்தது. என் வீட்டில் அப்பா இல்லை, சித்தப்பா.

‘ஒரு ஃபுல் போட்டாலும் ஆள் அசையமாட்டார்’ என்று எங்கள் தெருவில் அவரைப் பற்றிப் பெருமையாகச் சொல்வார்கள். காலையில் காபி டம்ளரை ஒரு கையால் தூக்கமாட்டார். மேல்துண்டின் ஒரு முனையை டம்ளரில் சுற்றி, மறு முனையைக் கழுத்து வழியாக இழுத்து, கப்பி போட்டுத் தண்ணீர் இறைப்பதுபோல வாய்க்குக் கொண்டுபோவார். முதல் கட்டிங் உள்ளே போனதும் கை நின்றுவிடும். இது அத்தனையும் எனக்குத் தெரியும். ஆனால் எவ்வளவு குடித்தாலும் அசையாததன் பெயர் டாலரன்ஸ், குடிக்காதபோது வரும் நடுக்கம் வித்ட்ராயல் என்பது பாடத்தைப் படிக்கும்வரை தெரியாது. தேர்வு அந்தப் பெயர்களைத்தான் கேட்கிறது, கூடவே உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதையும்.

அதனால் நான் ஒரு நோட்டு போட்டேன். இடது பக்கம் ஊர்ப் பேச்சு, வலது பக்கம் பாடச் சொல். ‘மோர் கொடு, எலுமிச்சம்பழம் பிழிந்து கொடு, தெளிந்துவிடும்’ என்பது இடது பக்கம். வலது பக்கம்: எதைக் கொடுத்தாலும் கல்லீரல் தன் வேகத்தில்தான் வேலை செய்யும், மணிக்குச் சுமார் ஒரு ஸ்டாண்டர்ட் டிரிங்க். அமெரிக்கக் கணக்கில் ஒரு டிரிங்க் என்றால் 14 கிராம் சுத்தமான ஆல்கஹால். 355 மில்லி பீரிலும் 44 மில்லி விஸ்கியிலும் அதே அளவுதான். நம் ஊர் குவார்ட்டர் 180 மில்லி, அதாவது நாலு டிரிங்குக்குக் கொஞ்சம் மேல். தெளிய நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு அந்தப் பகுதி எனக்கு மறக்கவே இல்லை.

‘சாம்பாரில் கலந்து கொடுத்தால் குடியை விட்டுவிடுவார்’ என்று விற்கும் மாத்திரை இன்னொன்று. பாடத்தில் வருவது டைசல்ஃபிரம். மது கல்லீரலில் அசிட்டால்டிஹைடாக மாறி, அப்புறம் அசிட்டேட்டாக மாறும். இந்த மருந்து இரண்டாவது படியை அடைத்துவிடும். அசிட்டால்டிஹைடு தேங்கி, முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரும். குடிப்பவருக்குத் தெரியாமல் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து.

மாலை போட்டுக்கொண்டு ஒரே நாளில் நிறுத்துகிறவர்களையும் பார்த்திருப்பீர்கள். பெருங்குடிகாரராக இருந்தால் இரண்டாம் மூன்றாம் நாளில் உடம்பு உதறி, சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்வார். ‘காத்துக் கருப்பு’ என்பார்கள். அது டெலீரியம் ட்ரெமன்ஸ். மருத்துவர் கண்காணிப்பு இல்லாமல் நிறுத்தினால் சாகவும் கூடும். தேர்வில் இதையே திருப்பிக் கேட்பார்கள்: ஹெராயின், மது, எதை நிறுத்துவது உயிருக்கு அதிக ஆபத்து? ஹெராயின் என்றுதான் கை போகும். மது என்பதே விடை. பார்பிச்சுரேட் என்ற தூக்க மருந்து வகையும் இதில் மதுவின் கட்சிதான்.

மற்றப் பகுதிகளை அதிகம் இழுக்க வேண்டாம். எந்தப் பகுதிக்கு எத்தனை சதவீதம் என்று அவர்களே பாடத்திட்டத்தில் போட்டிருக்கிறார்கள், நேரத்தை அதன்படி பிரித்துக்கொள்ளுங்கள். அகோனிஸ்ட், ஆன்டகோனிஸ்ட் வித்தியாசம் மட்டும் தண்ணிபட்ட பாடாக இருக்க வேண்டும். மூளையில் போதை மருந்து போய் ஒட்டும் இடத்தைப் பூட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். அகோனிஸ்டான மெதடோன் பூட்டைத் திறக்கும் சாவி. ஆன்டகோனிஸ்டான நாலாக்சோன் பூட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், ஆனால் திறக்காது, வேறு சாவியையும் விடாது. ஓபியாய்டு, அதாவது ஹெராயின் வகை மருந்துகள் பகுதியில் பாதி அதிலேயே விளங்கிவிடும். அமெரிக்கச் சட்டத்தில், ஓபியம், கொக்கெயின் விற்பனையைக் கட்டுப்படுத்திய 1914 ஹாரிசன் சட்டம், 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு, போதைப்பொருள்களை வகை பிரித்த 1970 சட்டத்தின் ஐந்து அட்டவணைகள். கொக்கெயின் எந்த அட்டவணை என்று கேட்டால் அவசரப்பட்டு முதலாவது என்று போட்டுவிடாதீர்கள். இரண்டாவது. உறுப்பை மரக்கச் செய்ய அதற்கு மருத்துவப் பயன் உண்டு.

புத்தகத்தின் வயதையும் பாருங்கள். 2013-இல் வந்த டிஎஸ்எம்-5, அதாவது அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய் கண்டறியும் கையேடு, ‘அப்யூஸ்’, ‘டிபென்டன்ஸ்’ என்ற இரண்டு பெட்டிகளையும் ஒன்றாக்கிவிட்டது. 11 அறிகுறிகளில் இரண்டு மூன்று இருந்தால் லேசானது, நாலைந்து என்றால் நடுத்தரம், ஆறும் அதற்கு மேலும் தீவிரம். நான் இரவல் வாங்கிய புத்தகம் அதற்கு முந்தையது. ஒரு வாரம் வீண்.

அப்புறம், நூறு கேள்வி, இரண்டு மணி நேரம், 400 எடுத்தால் தேர்ச்சி. தப்புக்கு மதிப்பெண் குறைக்கமாட்டார்கள், ஒன்றையும் காலியாக விடாதீர்கள். சென்டம் கனவையெல்லாம் நம் ஊர் டியூஷன் சென்டரிலேயே விட்டுவிடுங்கள். 401 வாங்கினாலும் அதே மூன்று கிரெடிட்தான்.

மனசு எங்கேயோ போகிறது என்று எழுதியிருந்தீர்கள். போகட்டும், எங்கே போகிறதோ அதை இடது பக்கத்தில் எழுதிவிடுங்கள். சித்தப்பா கடைசி வருஷம் எங்களையே யாரென்று கேட்டார், இல்லாத கதைகளை நடந்ததுபோலச் சொன்னார். ‘புளுகுகிறார்’ என்று நாங்கள் சிரித்தோம். வலது பக்கத்தில் கோர்சகாஃப் என்று எழுத எனக்கு இரண்டு நாள் ஆனது. தையமின், அதாவது வைட்டமின் பி1, பற்றாக்குறையால் வரும் மறதி அது. நினைவில் விழுந்த ஓட்டையை மூளையே கதை கட்டி அடைக்கிறது.

அந்த மாதிரி ஒரு நாள் வந்தால் மது பகுதியை மூடிவிட்டு நிகோட்டினுக்குப் போய்விடுங்கள். அப்பாவுக்குப் பீடியும் உண்டென்றால், காஃபீன்.