பிரைட்டின் இலைகளும் பக்லாந்தின் ஆறும்

அன்புள்ள சார்,

நாங்கள் மெல்பர்னில் இருக்கிறோம். ஏப்ரல் விடுமுறையில் குடும்பத்தோடு விக்டோரியாவின் மலையூரான பிரைட் போய்வந்தோம். இலையுதிர்காலத்தின் நிறங்கள், ஓவன்ஸ் ஆறு, பக்லாந்து பள்ளத்தாக்கு எல்லாமே அற்புதம். மனிதர் கை படாத இயற்கை என்றால் இதுதான் என்று தோன்றியது. வழியில் பீச்வொர்த்தில் காபி குடித்ததோடு சரி. பழைய சிறை, பழைய கோர்ட் என்று சுரங்க ஊர்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன, பிள்ளைகளுக்கும் அலுத்துவிடுகிறது. நீங்களோ அந்த ஊர்களைத் தவறவிடாதீர்கள் என்று அடிக்கடி எழுதுகிறீர்கள். பள்ளத்தாக்குகளை மட்டும் பார்த்துவிட்டு வந்தால் என்ன குறை? அடுத்து வால்ஹாலா என்ற ஊருக்குப் போகலாமா?

சுதா

அன்புள்ள சுதா,

பிரைட்டை அந்தப் பருவத்தில் பார்த்தவர்களின் பரவசம் எனக்கும் தெரியும். ஆனால் ‘மனிதர் கை படாத’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

முதலில் அந்த நிறங்கள். ஆஸ்திரேலியாவின் யூகலிப்டஸ் மரங்கள் இலையுதிர்காலத்தில் சிவந்து கொட்டுவதில்லை. நீங்கள் பார்த்த ஓக், எல்ம், மேப்பிள் எல்லாம் குடியேறியவர்கள் நட்டவை. அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே பழங்குடி மக்கள் போகாங் அந்துப்பூச்சிகளைச் சுட்டுத் தின்பதற்காகக் கோடையில் இந்த மலைகளுக்கு ஏறி வந்து கூடினார்கள். 1852-இல் பீச்வொர்த் பக்கம் தங்கம் கிடைத்தது, அடுத்த வருடமே பக்லாந்திலும். அதன்பின் இங்கே புரட்டப்படாத ஆற்றங்கரை அரிது.

பிரைட்டில் ஆற்றை ஒட்டி ‘கேன்யன் வாக்’ என்றொரு நடைபாதை உண்டு. நீங்களும் நடந்திருப்பீர்கள். அங்கே பாறையை வெட்டிக்கொண்டு ஆற்றில் வந்து சேரும் குறுகலான வாய்க்கால்கள், தங்கம் அலசிய தண்ணீரை வெளியேற்றச் சுரங்கத் தொழிலாளர்கள் வெட்டியவை. கையால் அலசும் காலம் போய் ட்ரெட்ஜர்கள் வந்தன. வாளிச் சங்கிலியால் ஆற்றுப்படுகையையும் பக்கத்து வயல்களையும் சேர்த்தே தோண்டி விழுங்கிவிட்டு, பின்னால் கூழாங்கல் மேடுகளைத் துப்பிக்கொண்டு போன இயந்திரங்கள். பிரைட் பக்கத்து ஊரான ஹாரியட்வில்லில் இன்று பிள்ளைகள் குதித்து நீந்தும் குளம் அப்படி ஒரு ட்ரெட்ஜர் விட்டுப்போன பள்ளம்தான். 1954 வரை அது அங்கே தோண்டிக்கொண்டிருந்தது. கோலார் தங்கவயலில் சயனைடு மண்மேடுகள் ஊர் நடுவே நிற்பதால் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிடும். இங்கே மரமும் புல்லும் எல்லாவற்றையும் மூடிவிட்டன. அதனால்தான் அந்தப் பக்கத்து ஊர்களைப் பார்க்கச் சொல்கிறேன்.

பக்லாந்து விஷயத்துக்கு வருகிறேன். இதை எழுதும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப்போகிறது. 1855-இல் விக்டோரியா அரசு, கப்பலில் வந்து இறங்கும் ஒவ்வொரு சீனருக்கும் 10 பவுண்டு வரி போட்டது. வெள்ளையருக்கு அப்படி எதுவும் இல்லை. வரியிலிருந்து தப்பிக்க, பல ஆயிரம் சீனர்கள் தெற்கு ஆஸ்திரேலியாவின் ரோப் துறைமுகத்தில் இறங்கி, அங்கிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடந்தே தங்க வயல்களுக்கு வந்தார்கள். பெரும்பாலும் குவாங்டாங் கிராமத்து ஆட்கள். மற்றவர்கள் தோண்டிக் கைவிட்ட மண்ணையே மறுபடி பொறுமையாக அலசிப் பிழைத்தவர்கள். 1857-இல் பக்லாந்து ஆற்றோரத்தில் மட்டும் ஏறக்குறைய 2,000 பேர் இருந்தார்கள்.

அந்த ஜூலை 4-ஆம் தேதி, வெள்ளையர் கும்பல் ஒன்று கூட்டம் போட்டுப் பேசிவிட்டு நேராக அவர்கள்மீது பாய்ந்தது. கூடாரங்களையும் கடைகளையும் கொளுத்தினார்கள், கொள்ளையடித்தார்கள். புதிதாகக் கட்டிய சீனக் கோயிலும் தப்பவில்லை. நடுக்குளிர்காலத்தில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் விரட்டி அடித்தார்கள். இறந்தவர்கள் மூன்று பேர் என்கிறது அரசுக் கணக்கு. அதற்கு மேல் இருந்திருக்கும் என்று நம்புவதற்குக் காரணங்கள் உண்டு. பீச்வொர்த்திலிருந்து போலீஸ் படையோடு போனவர் ராபர்ட் ஓ’ஹாரா பர்க். பிற்பாடு கண்டத்தைத் தெற்கு வடக்காகக் கடக்கப் போய், 1861-இல் திரும்பும் வழியில் இறந்தாரே, அவரேதான். சிலரைப் பிடித்து வழக்குப் போட்டார்கள். ஜூரி பெரிய குற்றங்கள் எல்லாவற்றிலிருந்தும் அவர்களை விடுவித்தது. தீர்ப்பைக் கேட்டுக் கூடியிருந்தவர்கள் ஆரவாரம் செய்தார்கள்.

நீங்கள் ரசித்த பக்லாந்து ஆறு இதுதான், சுதா. அங்கே போகாதீர்கள் என்று சொல்லவில்லை, ரசிக்காதீர்கள் என்றும் சொல்லவில்லை. நிறம் வேறு என்பதற்காக ஒருவரை நாட்டுக்குள் விடுவதற்கே தனி வரி போட்ட ஊரில், அதே கடல் தாண்டி வந்த நாம் இன்று நிம்மதியாகப் பிள்ளைகளை நீந்த விடுகிறோம். அந்தப் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லாமல் எப்படி இருப்பது?

அதனால் பீச்வொர்த்தில் காபியோடு நிறுத்தாதீர்கள். கோர்ட்டையும் சிறையையும் நேரம் இருந்தால் பார்க்கலாம். பேர்போன கொள்ளைக்காரன் நெட் கெல்லியை 1880 ஆகஸ்டில் அந்தக் கோர்ட்டில்தான் நிறுத்தினார்கள், அந்த ஆளைப் பற்றி எல்லோரும் போதுமான அளவு பேசிவிட்டார்கள். நான் போகச் சொல்வது கல்லறைத் தோட்டத்துக்கு. அதில் சீனர்களுக்கென்று தனிப் பகுதி உண்டு. இரண்டு சிறு கோபுர அடுப்புகள் நிற்கும். செத்தவர்களுக்காகக் காகிதப் பணமும் பிரார்த்தனைத் தாள்களும் எரிக்க 1857-இல் கட்டியவை. ஆமாம், அதே வருடம். சுற்றிலும் தாழ்வான நடுகற்கள், சீன எழுத்தில் பெயரும் சொந்தக் கிராமமும் வெட்டியவை. ஊரின் பழைய அரசுக் கட்டடங்கள் பல தேன்நிற கிரானைட்டில் கம்பீரமாக இருக்கும். இவை அப்படி இல்லை. பிள்ளைகளைக் கூட்டிப்போய்ச் சற்று நேரம் நில்லுங்கள்.

அவர்களுக்கு அலுக்காமல் இருக்க வேண்டுமென்றால் அப்புறம் எல்டொராடோ கூட்டிப்போங்கள், பீச்வொர்த்துக்குப் பக்கம்தான். 2,000 டன்னுக்கு மேல் எடையுள்ள பழைய ட்ரெட்ஜர் ஒன்று, தான் தோண்டிய குளத்திலேயே இன்னும் நிற்கிறது. ஒரு பள்ளத்தாக்கைத் தின்ன எவ்வளவு பெரிய வாய் வேண்டும் என்று அதைப் பார்த்தால் தெரியும்.

வால்ஹாலா கட்டாயம் போங்கள். அது எல்லாவிதத்திலும் வேறு. ஆற்றுமணலில் கிடைத்த தங்கத்தோடு முடியாமல், மலைப்பாறைக்குள் ஆழமாக ஓடிய, தங்கம் பொதிந்த படிகப் படலத்தைத் துரத்திப்போன ஊர். அங்கே ‘லாங் டன்னல்’ என்ற ஒரு சுரங்கம் மட்டும் 1914-இல் மூடுவதற்குள் 13 டன்னுக்கு மேல் தங்கம் கொடுத்தது. நீராவி இயந்திரங்களுக்கு விறகு வேண்டும் என்று சுற்றியிருந்த மலைகளை மொட்டையடித்தார்கள். போகப்போக வெகுதூரத்திலிருந்து விறகு கொண்டுவரும் செலவே சுரங்கத்தை அழுத்தியது. ரயில் 1910-இல்தான் வந்தது. நான்கே வருடத்தில் சுரங்கம் மூடியது. மின்கம்பி அந்த ஊருக்கு 1998-இல்தான் போனது. இன்று நிலையாகக் குடியிருப்பவர்கள் ஏறக்குறைய 20 பேர். இப்போது அங்கே நீங்கள் பார்க்கப்போகும் அடர்ந்த காடு முழுவதும் சுரங்கம் மூடிய பிறகு தானாக வளர்ந்தது. பழைய புகைப்படங்களை ஊரில் வைத்திருக்கிறார்கள். முதலில் அவற்றைப் பார்த்துவிட்டு வெளியே வந்து மலையைப் பாருங்கள்.

மெல்பர்னிலிருந்து சுமார் 180 கிலோமீட்டர். கடைசிப் பகுதி வளைந்து வளைந்து போகும், வாந்தி வரும் பிள்ளைகள் இருந்தால் மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள். தாம்சன் நிலையத்திலிருந்து வால்ஹாலாவுக்குச் சிறு ரயில் ஓடுகிறது. எல்லா நாளும் ஓடாது, முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். சுரங்கத்துக்குள் கூட்டிப்போகிறார்கள், உள்ளே குளிரும், ஸ்வெட்டர் அவசியம். பாதையை விட்டுக் காட்டுக்குள் இறங்க வேண்டாம், மூடாத பழைய குழிகள் இருக்கலாம்.

அன்புடன்